ஆகாயத்திலிருந்து ஒரு மந்தைக் கணக்கு

மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் கிளுவை உயிர்வேலி; உள்ளே கொழுக்கட்டைப் புல்; அங்கங்கே வெள்வேல மரங்கள். மாலையில் ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது பட்டிக்காரர் படலைப் பாதி மட்டும் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். ஆடுகள் முட்டிமோதிக்கொண்டு அந்த இடுக்கு வழியே உள்ளே நுழையும். அவர் சோடி சோடியாக எண்ணுவார். கடைசி ஆடு நுழைந்ததும், "ரெண்டு உருப்படி குறையுது" என்று டார்ச்சு விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவருடைய கணக்கு அனேகமாகத் தப்புவதில்லை.

அதற்குக் காரணம் வேலியும் படலும்தான். எல்லா ஆடும் ஒரே வழியாக வந்தே தீரவேண்டும்; ஒரே ஆடு இரண்டு முறை வர முடியாது. காட்டு விலங்குகளுக்கு வேலியும் கிடையாது, படலும் கிடையாது. ஒரு மலைத்தொடரில் எத்தனை மான்கள் உள்ளன என்று கேட்டால், அவற்றை எங்கே நிறுத்தி எண்ணுவது?

ஆனால் ஆண்டில் ஒரு காலத்தில் இயற்கையே ஒரு படலை வைக்கிறது. உணவும் நீரும் அருகிப்போகும் பருவத்தில், பரந்து திரிந்த விலங்குகள் எஞ்சியிருக்கும் சில இடங்களில் வந்து குவிகின்றன. குளிர் நாடுகளில் அந்தப் பருவம் பனிக்காலம். நம் பக்கத்தில் கோடை. அப்போது எண்ணுவது எளிது. ஆனால் விலங்குகள் மிகவும் நலிந்திருப்பதும் அப்போதுதான். எண்ணப் போகிறவர் அவற்றுக்குக் கூடுதலான துன்பமாகிவிடக் கூடாது. வனவிலங்குக் கணக்கெடுப்பின் மிகப் பெரிய இக்கட்டு இதுவே. இதை நன்கு விளக்கக்கூடியது வட அமெரிக்காவின் எல்க் மான். முதலில் அதைப் பார்த்துவிட்டு, காஷ்மீர் வழியாக நம் ஆனைமலைக்கு வருவோம்.

எல்க் என்பது எது?

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ஐரோப்பியர்கள் எல்க் என்று அழைப்பது வேறொரு பெரிய மானை. அமெரிக்காவில் அதன் பெயர் மூஸ். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் நுவரெலியாவில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் போன்ற ஆங்கிலேயர்கள் நம் கடமானையே எல்க் என்று எழுதி வைத்தார்கள். நாம் இங்கே பேசப்போவது அமெரிக்க எல்க்கைப் பற்றி. அங்குள்ள ஷானி பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த 'வாப்பிட்டி' என்ற பெயரும் இதற்கு உண்டு. வெள்ளைப் பிட்டம் கொண்டது என்பது அதன் பொருள். வளர்ந்த பெண் மான் சுமார் 225 கிலோகிராம் எடை இருக்கும். ஆண் அதைவிடப் பெரியது. ஆணுக்கு மட்டும் கொம்பு உண்டு; அது ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும்.

1872இல் அமைக்கப்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் எல்க் மந்தைகள் பல உள்ளன. கோடையில் அவை உயர்ந்த மலைப் புல்வெளிகளில் சிதறி மேயும். பனி கொட்டத் தொடங்கியதும் பூங்காவின் வடபகுதியிலுள்ள தாழ்வான ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கு ஆயிரக்கணக்கில் இறங்கி வரும். அங்கே பனி ஆழம் குறைவு. குளம்பால் கிளறினால் அடியில் உள்ள காய்ந்த புல் கிடைக்கும். இந்த வடக்கு மந்தையை விமானத்திலிருந்து எண்ணுவது அங்கு நெடுநாளைய வழக்கம்.

விமானத்திலிருந்து எண்ணுதல்

பனிக்காலத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் மான்கள் கூடியிருப்பது மட்டுமன்று. இலையுதிர் மரங்கள் மொட்டையாக நிற்கும். வெண்பனிமீது பழுப்பு நிற உடல் தெளிவாகத் தெரியும். புதுப்பனி விழுந்த மறுநாள் என்றால் குளம்புத் தடங்கள் கோடு போட்டதுபோல் மந்தை நிற்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிலப்பரப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து, சிறிய விமானங்கள் சிலவற்றை ஒரே நாளில் பறக்கவிடுவார்கள். ஒரே நாளில் முடிப்பது ஏன்? இன்று ஒரு பகுதியையும் நாளை அடுத்ததையும் எண்ணினால், இரவில் இடம் மாறிய மந்தை இரண்டு முறை கணக்கில் வரலாம். அல்லது இரண்டிலும் வராமலே போகலாம். பெரிய கூட்டமாக இருந்தால் புகைப்படம் எடுத்துக்கொண்டு, தரைக்கு வந்தபின் நிதானமாக எண்ணுவார்கள்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானம் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். வினாடிக்குச் சுமார் 28 மீட்டர். 280 மீட்டர் நீளமுள்ள ஒரு மரத்தோப்பைக் கடக்க 10 வினாடி. அந்தப் பத்து வினாடிக்குள் நிழலில் படுத்திருக்கும் மான்களைக் கண்டுபிடித்து, எண்ணி, குட்டி எது, கொம்புள்ளது எது என்று பிரித்துச் சொல்லவேண்டும். விமானமோ குலுங்கிக்கொண்டிருக்கும். எத்தனை திறமைசாலியானாலும் சிலவற்றைத் தவறவிடுவார்.

எத்தனை தவறுகின்றன என்பதை எப்படி அறிவது? அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி கண்டார்கள்; 1987இல் அதை வெளியிட்டார்கள். சில எல்க்குகளின் கழுத்தில் வானொலி அலை பரப்பும் பட்டையைக் கட்டிவிட்டார்கள். அவை எங்கே நிற்கின்றன என்பதைக் கருவி சொல்லிவிடும். பின்பு ஹெலிகாப்டரில் வழக்கம்போல் எண்ணச் சொல்லி, பட்டை கட்டியவற்றில் எத்தனை கண்ணில் பட்டன என்று பார்த்தார்கள். இரண்டு உண்மைகள் தெளிவாயின. கூட்டம் பெரிதாக இருந்தால் தவறவிடும் வாய்ப்பு குறைவு. மரச்செறிவு கூடக்கூடக் கண்ணில் படும் வாய்ப்புக் குறைகிறது.

இதைப் பயன்படுத்திக் கணக்கைத் திருத்தலாம். பட்டை கட்டிய 10 மான்களில் 7 மட்டும் தென்பட்டன என்றால், பார்வைக்குத் தெரியும் வாய்ப்பு 0.7. நாம் எண்ணியது 2,100 என்றால், உண்மையில் இருப்பவை 2,100 ÷ 0.7 = 3,000 என மதிப்பிடலாம். இன்னும் நுட்பமாக, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி வாய்ப்பைக் கொடுக்கலாம். திறந்த வெளியில் நிற்கும் நூறு மான்கள் நூறாகவே கொள்ளப்படும். அடர்ந்த மரங்களுக்கடியில் தனியே நின்ற ஒன்று, நான்கில் ஒரு வாய்ப்பில்தான் தெரியும் என்றால், அது நான்காகக் கணக்கிடப்படும். கண்ணில் பட்ட அந்த ஒன்றுக்குப் பின்னால் படாத மூன்று இருக்கும் என்பது இதன் பொருள்.

இத்திருத்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு பிரபலமான சான்று உண்டு. பெர்ன்ஹார்ட் கிரிமெக், அவர் மகன் மைக்கேல் என்ற ஜெர்மானியர்கள் 1958இல் வரிக்குதிரைபோல் கோடு தீட்டிய சிறு விமானத்தில் செரெங்கெட்டி சமவெளியின் விலங்குகளை எண்ணினார்கள். வில்டபீஸ்ட் என்னும் மாட்டு முகமுடைய மான்கள் ஏறத்தாழ 1 லட்சம் என்று கண்டார்கள். 1961இல் விமானப் புகைப்படங்களைக் கொண்டு எண்ணியபோது 2,63,000 வந்தது! ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும் விலங்கு மூன்றே ஆண்டுகளில் இரண்டரை மடங்காகப் பெருக முடியாது. முதற்கணக்கு மிகக் குறைவு என்பது வெளிப்படை. அதற்காகக் கிரிமெக்குகளைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்; அவர்கள் தொடங்கி வைத்ததால்தான் மற்றவர்கள் திருத்த முடிந்தது. 1959 ஜனவரியில் ஒரு கழுகு மோதி விமானம் விழுந்து மைக்கேல் உயிரிழந்தார். தாழப் பறந்து எண்ணும் வேலை இன்றும் ஆபத்தானதுதான். அமெரிக்காவில் 1937 முதல் 2000 வரை பணியின்போது இறந்த 91 வனவிலங்கு ஊழியர்களில் 60 பேர் வான்விபத்துகளில் இறந்தவர்கள்.

கொழுப்புக் கணக்கு

இனி மானின் பக்கத்திலிருந்து பார்ப்போம். பனிக்காலத்தில் அதற்கு உண்மையில் என்ன நேருகிறது?

குளிரால் விறைத்துச் சாகிறது என்று பலர் நினைப்பார்கள். எல்க்கின் குளிர்கால மயிர் மிகத் தடிப்பானது; வெறும் குளிரை அது நன்றாகவே தாங்கும். அதை வீழ்த்துவது பசி. அதிலும் விந்தையான பசி. வயிறு நிறைய உணவு இருக்கும்போதே வரும் பசி.

மானும் ஆட்டையும் மாட்டையும் போல அசைபோடும் விலங்கு. புல்லைச் செரிப்பது அதன் முதல் இரைப்பையில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை பெருக நைட்ரஜன் வேண்டும். அதாவது தீவனத்தில் புரதம் வேண்டும். காய்ந்து வெளுத்த புல்லில் நார்தான் மிகுதி. புரதம் மிகக் குறைவு. நுண்ணுயிர்கள் சோர்ந்துவிட, செரிமானம் மந்தமாகிறது. உள்ளே போன புல் வெளியேற நாளாகிறது. வெளியேறாததால் புதிதாகத் தின்ன இடமில்லை. கோடையில் வைக்கோலை மட்டும் தின்று மெலியும் மாட்டுக்கும் இதே கதைதான். அதனால்தான் நம் விவசாயிகள் வைக்கோலோடு கொஞ்சம் புண்ணாக்கோ பருத்திக்கொட்டையோ சேர்த்து வைக்கிறார்கள். புண்ணாக்கின் புரதம் மாட்டுக்கு மட்டுமன்றி அதன் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்களுக்கும் தீனி.

காட்டு மானுக்குப் புண்ணாக்கு வைப்பார் யாருமில்லை. அதற்கு உள்ள ஒரே சேமிப்பு உடற்கொழுப்பு. அது எத்தனை நாள் வரும்? தோராயமாகக் கணக்கிடுவோம். 225 கிலோகிராம் எடையுள்ள பாலூட்டி சும்மா படுத்திருக்கவே நாளொன்றுக்குச் சுமார் 4,000 கிலோ கலோரி ஆற்றல் செலவாகும். நடந்து, பனியைக் கிளறி மேய்வதையும் சேர்த்தால் சுமார் 7,000. இதில் மூன்றில் இரண்டு பங்கு காய்ந்த புல்லிலிருந்து கிடைக்கிறது என்று கொள்வோம். பற்றாக்குறை ஏறத்தாழ 2,330. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி தரும். ஆக, நாள்தோறும் சுமார் 260 கிராம் கொழுப்பு கரைகிறது. பனிக்காலம் 150 நாள் நீடித்தால் 39 கிலோகிராம். நன்றாக மேய்ந்து கொழுத்த மானின் எடையில் 15 சதவீதம் கொழுப்பு என்றால் கையிருப்பு 34 கிலோகிராம்தான். மீதிக்குத் தசையைக் கரைக்க வேண்டியிருக்கும். வரவும் செலவும் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. பனிக்காலம் இரண்டு வாரம் நீண்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிடலாம்.

பனியின் ஆழம் இன்னொரு செலவு. கால் பனியில் புதையப் புதைய நடைக்கான ஆற்றல் சீராக ஏறுவதில்லை. வெகு வேகமாக ஏறுகிறது. கணுக்கால் அளவு பனி ஒரு பொருட்டில்லை. மார்பைத் தொடும் பனியில் மான் ஒவ்வோர் அடிக்கும் எம்பிக் குதித்தே முன்னேற வேண்டும். மேற்பரப்பு உருகி மீண்டும் இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். புல்லை எட்டவும் முடியாது, கால் தோலும் கிழியும்.

பனிக்காலத்தில் பெண் மான்களில் பெரும்பாலானவை சினையாக இருக்கும். குட்டி பிறப்பது மே இறுதியிலோ ஜூனிலோ. கருவின் வளர்ச்சி வேகம் பிடிக்கும் கடைசி மாதங்கள் தாயின் சேமிப்பு வற்றும் மாதங்களாகவே அமைகின்றன. தாய் மிகவும் மெலிந்தால் எடை குறைந்த குட்டி பிறக்கும். அது பிழைப்பது அரிது. முதலில் சாகிறவை முந்தைய கோடையில் பிறந்த குட்டிகள். சிறிய உடலில் சேமிப்பும் சிறியது. அடுத்து வயதானவையும், இனப்பெருக்கப் பருவத்தில் தின்பதை மறந்து சண்டையிட்டுத் தளர்ந்த பெரிய ஆண்களும்.

இறந்து கிடக்கும் மான் பட்டினியால் இறந்ததா என்பதை அறிய வனத்துறையினர் தொடை எலும்பை உடைத்துப் பார்ப்பார்கள். உடல் கடைசியாகத் தொடும் கொழுப்பு எலும்பு மஜ்ஜையில் உள்ளது. நல்ல நிலையில் இருந்த விலங்கின் மஜ்ஜை வெள்ளையாக, மெழுகுபோல் கெட்டியாக இருக்கும். பட்டினி கிடந்ததில் அது சிவந்து கூழ்போல் ஆகியிருக்கும். கடைசிக் காசும் செலவாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

ஹெலிகாப்டரின் விலை

இப்போது இந்த மானின் தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர் வருகிறது. மிரண்டு ஓடுகிறது. இந்த அளவுள்ள விலங்கு கெட்டித் தரையில் ஒரு கிலோமீட்டர் ஓடச் சுமார் 100 கிலோ கலோரி கூடுதலாகச் செலவாகும். ஆழ்ந்த பனியில் நான்கு மடங்கு என்று வைத்தால் 400. கொழுப்பில் 44 கிராம். ஒரு முறை என்றால் தாங்கிக்கொள்ளும். ஆறு முறை விரட்டினால் ஒரு நாளைக்குரிய கொழுப்பு போய்விட்டது. இதனால்தான் கணக்கெடுப்போர் ஒரு கூட்டத்தின்மேல் திரும்பத் திரும்ப வட்டமிடுவதைத் தவிர்க்கிறார்கள். கடும் பனிக்காலத்தின் இறுதியில் பறப்பதையும் தவிர்ப்பது நல்லது.

ஓடவில்லை என்றால் தொல்லை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கருங்கரடிகளின் உடலில் இதயத்துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி, அவற்றின்மேல் ஆளில்லாச் சிறு டிரோன்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 2015இல் வெளிவந்தன. கரடிகள் பெரும்பாலும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் இதயத்துடிப்பு எகிறியது. ஒரு தாய்க் கரடிக்கு நிமிடத்துக்கு 41ஆக இருந்தது 162ஆக உயர்ந்தது! வெளியிலிருந்து பார்த்தவருக்கு அது அமைதியாக நிற்பதாகவே தோன்றியிருக்கும்.

இவ்வளவு செலவிட்டு எண்ணிய எண்கள் என்ன சொல்கின்றன? 1988 கோடையில் கடும் வறட்சியால் யெல்லோஸ்டோனில் பெருந்தீ மூண்டு பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. தீயிலேயே மாண்ட எல்க்குகள் சில நூறு மட்டுமே. அதையடுத்த பனிக்காலத்தில் ஆயிரக்கணக்கில் மடிந்தன. வறண்ட கோடையில் அவை போதிய கொழுப்புச் சேர்க்கவில்லை. குளிர்கால மேய்ச்சல் நிலமும் கருகியிருந்தது. பனிக்காலச் சாவுக்கான கணக்கு கோடையிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். பின்பு மந்தை தேறியது. 1994 ஜனவரியில் 19,045 எண்ணப்பட்டன. 2013இல் எண்ணப்பட்டவை 3,915 மட்டுமே. 1995லும் 1996லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொண்டுவந்து விடப்பட்டது இதற்கு ஒரு காரணம். கரடிகள், பூங்காவுக்கு வெளியே வேட்டை, வறட்சி ஆகியவையும் சேர்ந்தன. எதன் பங்கு எவ்வளவு என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணி வந்திராவிட்டால் வாதிடவே வழியிருந்திராது.

காஷ்மீரத்து உறவினர்

எல்க்கின் நெருங்கிய உறவினர் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காஷ்மீரின் ஹங்குல் மான்தான் அது. ஸ்ரீநகருக்கு அருகில் 141 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள டச்சிகாம் தேசியப் பூங்காவே அதன் கடைசிப் புகலிடம். கோடையில் மேல் டச்சிகாமின் உயர்ந்த புல்வெளிகள். பனிக்காலத்தில் கீழ் டச்சிகாமின் பள்ளத்தாக்கு. யெல்லோஸ்டோனின் அதே ஏற்ற இறக்கம், சிறிய அளவில்.

இங்கே விமானம் இல்லை. மரங்கள் துளிர்க்கும் முன், மான்கள் இன்னும் கீழே இருக்கும் மார்ச் மாதத்தையொட்டி, ஆட்கள் வரிசையாக நடந்து எண்ணுகிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த ஹங்குல், 2004 கணக்கில் 197. 2008இல் 127. 2011இல் 218. 2021இல் 261. செரெங்கெட்டிப் பாடம் நினைவிருக்கிறதா? 127 மூன்றாண்டில் 218 ஆனதைப் பிறப்பால் மட்டும் விளக்குவது கடினம். குட்டிகள் குறைவாகவே பிழைத்துவந்த மந்தை அது. எனவே தனித்தனி ஆண்டைப் பார்த்து மகிழ்வதோ கலங்குவதோ பயனில்லை. நூறு பெண் மான்களுக்கு எத்தனை குட்டிகள் பிழைத்துள்ளன என்ற விகிதமே மந்தையின் உடல்நிலையைக் காட்டும் நாடி. மேல் டச்சிகாமின் கோடைப் புல்வெளிகளில் கால்நடை மந்தைகள் மேய்ந்துவிட்டால், ஹங்குல் பனிக்காலத்துக்குச் சேமிக்க வேண்டியதைச் சேமிக்க முடியாது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

நமது பனிக்காலம் ஏப்ரலில்

அமராவதி ஆறு தாராபுரத்தைக் கடந்து கரூர் நோக்கிச் செல்வதை மூலனூர் மாணவர்கள் அறிவார்கள். அதன் கரையோடு மேற்கே போனால் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, 1957இல் கட்டப்பட்ட அமராவதி அணை. அதன் பின்னால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். மலையின் மழைமறைவுப் பகுதியான இக்காடுகளில் பனி விழுவதில்லை. ஆனால் பிப்ரவரி முதல் புல் காய்கிறது, ஓடைகள் வற்றுகின்றன. எல்க்குக்குப் பனி செய்வதை இங்கே வெயில் செய்கிறது. புல்லில் புரதம் இறங்குகிறது. விலங்குகள் அணைக்கரையிலும் எஞ்சிய குட்டைகளிலும் கூடுகின்றன. தமிழ்நாட்டு யானைக் கணக்கெடுப்பில் நீர்நிலைகளில் காத்திருந்து எண்ணும் முறை ஒன்று இருப்பது இதனால்தான்.

காட்டின் மேற்கூரை அடர்ந்த இடங்களில் விமானம் பயன்படாது. ஆனால் மலையுச்சியின் திறந்த புல்வெளியில் வாழும் ஒரு விலங்கு உண்டு. அதுதான் நம் மாநில விலங்கான நீலகிரி வரையாடு. ஆகாயத்திலிருந்து பார்க்க ஏற்ற இடம்போலத் தோன்றும். செங்குத்துப் பாறைகள், திடீரென்று மூடும் மஞ்சு, பாறைமுகத்தில் மேலெழும் காற்று ஆகிய மூன்றும் விமானத்துக்குப் பகை. மிரண்ட வரையாடு பாறை விளிம்பில் ஓடுவதும் நல்லதன்று. ஆகவே மனிதர்கள் ஏறித்தான் எண்ணுகிறார்கள்.

1975இல் இ.ஆர்.சி. டேவிதார் இவற்றின் இருப்பிடங்களில் முன்னோடியான ஆய்வு நடத்தினார். அவரை நினைவுகூரும் வகையில் அக்டோபர் 7ஆம் நாளைத் தமிழ்நாடு அரசு வரையாடு தினமாக அறிவித்துள்ளது. 25 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தொடங்கப்பட்ட நீலகிரி வரையாடு திட்டத்தின்கீழ், 2024 ஏப்ரல் 29 முதல் மே 1 வரை மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் கணக்கெடுத்தார்கள். குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறப்பதால் ஏப்ரலில் அவையும் தாயோடு மேய்ந்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழையின் மஞ்சும் இன்னும் வந்திராது.

இரண்டு முறைகள் கையாளப்பட்டன. ஒன்று, ஒரே பகுதியைப் பலமுறை எண்ணுவது. மூன்று முறை எண்ணியதில் 41, 46, 44 வந்தன என்று கொள்வோம். அதிகபட்சத்தை இரட்டித்து, அதற்கடுத்த எண்ணைக் கழிப்பார்கள்: 92 − 44 = 48. மற்றது இருவர் முறை. இது மிக அழகானது. உங்கள் ஊர்க் கொறங்காட்டிலேயே செய்து பார்க்கலாம். நீங்களும் நண்பரும் ஒருவரோடொருவர் பேசாமல், மேயும் ஆடுகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். 'வேலமரத்தடியில் கொம்பொடிந்த செம்மறி', 'கிணற்றோரம் வெள்ளாடு, குட்டியுடன்' என்று அடையாளத்தோடு எழுதுங்கள். நீங்கள் கண்டவை 24; நண்பர் கண்டவை 20; இருவர் பட்டியலிலும் உள்ளவை 16. நண்பர் கண்ட 20இல் நீங்கள் 16ஐக் கண்டிருக்கிறீர்கள். அதாவது உங்கள் கண்ணுக்குத் தப்பாத பங்கு 16/20 = 0.8. நீங்கள் கண்ட 24ஐ இதனால் வகுத்தால் 30. மாலையில் படலருகே நின்று பட்டிக்காரரின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அனேகமாக உங்கள் விடை சற்றுக் குறைவாகவே இருக்கும். புதருக்குப் பின்னால் இருவருக்குமே தெரியாமல் படுத்திருக்கும் ஆட்டை இந்த முறையாலும் பிடிக்க முடியாது. மலையிலும் அப்படியே, பாறைக்கு அப்பால் நிற்கும் வரையாடு இருவருக்குமே மறைவுதான்.

2024இன் முடிவு 1,031 வரையாடுகள். 2025 ஏப்ரலில் இரண்டாம் முறை எண்ணியபோது 1,303. ஓராண்டில் 26 சதவீத உயர்வு என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தனை தூரம் படித்துவந்தவர் அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்: எவ்வளவு இடத்தில் எண்ணினார்கள்? 2024இல் 140 பகுதிகள். 2025இல் 177 பகுதிகள். வகுத்துப் பாருங்கள். 1,031 ÷ 140 = 7.36. 1,303 ÷ 177 = 7.36. ஒரு பகுதிக்குரிய சராசரி மாறவே இல்லை!

இதனால் வரையாடு பெருகவில்லை என்று முடிவு கட்டுவதும் அவசரம். பகுதிகள் எல்லாம் ஒரே அளவும் வளமும் உடையவையல்ல. புதிதாகச் சேர்த்தவை வரையாடு அருகியே வாழும் இடங்களாக இருந்தால், பழைய பகுதிகளில் எண்ணிக்கை உண்மையிலேயே கூடியிருக்கக்கூடும். அதை அறிய ஒரு வழிதான் உண்டு. இரண்டு ஆண்டுகளிலும் எண்ணப்பட்ட பழைய பகுதிகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றிலும் பெண் ஆடு எத்தனை, குட்டி எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட வேண்டும். அடுத்து வரும் ஏப்ரல் மாதங்களிலும் அதே இடத்தில், அதே முறையில், ஏறக்குறைய அதே நாட்களில் மலையேறி எண்ண வேண்டும்.